வேறு யாரோ பாவிக்கிறார்கள்

முள்ளியவளையில் ரஜிதனின் ஸ்ரூடியோவுக்குள் சாரத்தோடு போனவர், படத்தில் கோட்டும் ரையுமாக வெளியே வருவார். முகம் மட்டும்தான் அவருடையது, கோட்டு கம்பியூட்டருடையது. "உவன் செத்தவனுக்கும் தலை வாரி இழுத்துவிடுவான்" என்று சனம் பகிடி பண்ணும். ரஜிதனுக்கு அதில் உள்ளூரப் பெருமை. சமாதான காலத்தில் கிளிநொச்சியில் தங்கிக் கம்பியூட்டர் படித்தவன். "சொன்னதைச் செய்யிற சீவன் இந்த ஊரிலை இது ஒண்டுதான்" என்று திரையைத் தட்டிக் காட்டுவான்.

2007இல் சண்டையால் வன்னிக்கு வெளியே போகிற பாதை பூட்டிக் கிடந்தது. கலியாண வீடியோக்கள் குறைந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீடியோக்கள் கூடின. செத்தவரின் படம், சுற்றிவரப் பூ, கீழே எரியும் குத்துவிளக்கு, பின்னால் தேவாரம். வெளிநாட்டுச் சொந்தங்களுக்கென்று ஒரு சீடி. ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. அதனால் ரஜிதன் ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்வதில்லை. பழைய வீடியோ ஒன்றை எடுத்து முகத்தையும் பேரையும் மாற்றிவிடுவான்.

ஒரு முற்பகல் நேசமலர் வந்தார். அவருடைய மகன் பாலன் வவுனியாவுக்கு வேலைக்குப் போனவன், பாதை பூட்டியபின் சேதியில்லை. செத்துப்போனான் என்று கதை வந்து, உடலில்லாமலே அந்தியேட்டி முடித்தார்கள். அந்த வீடியோவும் ரஜிதன் செய்ததுதான்.

"தம்பி, என்ரை பிள்ளையின்ரை வீடியோவை அழிச்சுப்போடு. அவன் இருக்கிறான்."

"ஆர் அன்ரி கண்டது?"

"பக்கத்து வீட்டுத் தாட்சாயினி, பாஸ் எடுத்து வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனவள். நெளுக்குளம் சந்தியிலை. பின்பக்கம்தான் கண்டவள். ஆனால் நடை அவன்ரை நடையாம்."

ரஜிதன் பாலனின் வீடியோவைக் கம்பியூட்டரில் தேடினான்.

"உயிரோடை இருக்கிறவனுக்கு அந்த விளக்கு எரியக்கூடாது, ராசா. வீட்டிலை இருந்த சீடியை உடைச்சு எரிச்சுப்போட்டன். இதுக்குள்ளை கிடக்கிறதுதான் மிச்சம். என்ரை கண்ணுக்கு முன்னாலை அழி."

அழித்தான். அழியவில்லை. திரும்பவும் அமத்தினான். திரையில் ஒரு பெட்டி எழும்பி நின்றது.

"என்னவாம்?"

"பாவனையிலை இருக்காம். வேறை ஆரோ பாவிக்கினமாம்."

"ஆர்?" நேசமலரின் குரல் இறங்கியது. கம்பியூட்டருக்குப் பின்னால் இருந்த இருட்டு மூலையை எட்டிப் பார்த்தார். "என்ரை பிள்ளையை ஆர் பாவிக்கிறது?"

அப்போதுதான் ரஜிதனுக்கு உறைத்தது. அன்னபாக்கியத்தின் வீடியோ திறந்தபடி கிடந்தது. நாளைக்கு அவருக்கு அந்தியேட்டி, சீடி வாங்க இன்று பின்னேரமே மருமகன் வருவார். அந்த வீடியோ தன் விளக்கைப் பாலனின் வீடியோவிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தியதைத் திறந்தான். அதற்கும் முந்தியதை. எல்லார் முகத்துக்கும் கீழே அதே சுடர், அதே இடத்தில் காற்றுக்கு இடப்பக்கம் சாய்ந்து, அணையப்போய் நிமிர்ந்தது. பாலனுக்கென்று அவன் கொளுத்திய விளக்கு.

மறைக்க மனம் வரவில்லை. சொன்னான். "இதை அழிச்சால் அவையின்ரை விளக்கும் போயிடும், அன்ரி."

நேசமலர் திரைக்குக் கிட்ட வந்தார். "அப்ப என்ரை பிள்ளை இவ்வளவு நாளும் ஊரிலை விழுந்த செத்தவீடு எல்லாத்திலையும் நிண்டிருக்கிறான். அழி."

அன்னபாக்கியத்தை மூடினான். பாலன் சத்தமில்லாமல் போனான். மறுபடி திறந்தபோது அன்னபாக்கியத்தின் முகத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு பள்ளம்.

"ஐயோ பாவம், அன்னபாக்கியக்கா இருட்டுக்குள்ளையோ போறது?" என்று எழும்பிய நேசமலர், ஸ்ரூடியோக் குத்துவிளக்கைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்து, எண்ணெய் விட்டு, திரி போட்டுக் கொளுத்தினார். ரஜிதன் கமெராவில் பிடித்தான்.

புதுச் சுடரைச் சேமிக்கக் கம்பியூட்டர் பேர் கேட்டது. விரல்கள் பழக்கத்தில் 'பா' என்று தொடங்கி நின்றன.

"ஆரின்ரை பேரையும் போடாதை" என்றார் நேசமலர்.

"பேரில்லாமல் வைக்காது, அன்ரி."

அவர் சுடரைப் பார்த்தார்.

"அப்ப என்ரை பேரைப் போடு. நானெண்டால் பரவாயில்லை."

ரஜிதன் கையைப் பின்னுக்கு இழுத்தான்.

"போடடா" என்றார், அதட்டலாக.