வக்கீல் ஏறிய வண்டி

என் குதிரையைப் புகழ்ந்துதான் அந்த ஆள் என்னை மிரட்டினார்.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. ஸ்ரீரங்கத்தில் மொட்டை கோபுரத்துக்கு வெளியே இருந்த ஸ்டாண்டில் நான் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு காலை, வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் வந்து குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். தொட்டியம் பக்கத்து மிராசுதார் ஒருவரின் காரியஸ்தர் அவர் என்பது ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரியும்.

“நல்ல குதிரைப்பா. காலு நல்லா இருக்கு. கடைசி வரைக்கும் இப்படியே இருக்கணும்” என்றார். பிறகு குரலை இறக்கி, “வக்கீல் சாமிக்கு நீதானே கோர்ட்டுக்கு வண்டி ஓட்டுறே? ஏன், அவரு பஸ்ல போகமாட்டாரா?” என்றார்.

புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் அவர் சொன்னது புரியாமல் போகிற அளவுக்கு முட்டாள் இல்லை.

வக்கீல் சித்திரை வீதியில் குடியிருந்தார். ஒரு முழங்கால் மடங்காது. அதனால் பஸ் ஏற முடியாது. என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, மெல்ல உள்ளே நகர்ந்து, வைக்கோல் மேல் காலை நீட்டிக்கொள்வார். மிராசுதாரின் வாழைக்கொல்லைகளைக் குத்தகைக்குப் பயிரிட்ட சில குடும்பங்களை அப்போது வெளியேற்றப் பார்த்தார்கள். குத்தகைக்காரரை நினைத்தபடி விரட்டக்கூடாது என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. அதை வைத்து வக்கீல் ஆளுக்கொரு மனுப் போட்டிருந்தார். அவருக்கு முன் கேஸை வாங்கிய வேறு வக்கீல்கள் பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கோர்ட்டில் டவாலி பெயரைக் கூப்பிடும்போது வக்கீல் எதிரே இல்லையென்றால் மனு தள்ளுபடி. தள்ளுபடியானால் மறுநாளே கொல்லையில் வேறு ஆள் மண்வெட்டியோடு இறங்கிவிடுவான். ஆகவே அவரை யாரும் அடிக்க வேண்டியதில்லை. அவர் நேரத்துக்குப் போய்ச் சேராமல் இருந்தால் போதும்.

அதைத்தான் செய்தார்கள். காரியஸ்தர் வந்துபோன மறுநாள் விசாரணை. அன்று காவிரிப் பாலத்தில் எங்களுக்கு முன்னால் வாழைத்தார் ஏற்றிய இரண்டு மாட்டுவண்டிகள் அருகருகே போயின. பாலம் குறுகல். நான் கத்தினேன், வண்டிக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாலத்தின் நடுவில் ஒருவன் இறங்கி மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். நாங்கள் கோர்ட்டுக்குப் போனபோது பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். வக்கீல் நொண்டிக்கொண்டே ஓடிப்போய் அதிகாரியிடம் கெஞ்சி, மனுக்களை மறுபடி எடுக்கவைத்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் தள்ளுபடிதான் என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

மறுநாள் இருவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். சாட்சி நான். ரைட்டர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

“உன்னை அடிச்சாங்களா?”

“இல்லைங்க.”

“திட்டினாங்களா?”

“இல்லைங்க.”

“பின்னே என்னதான்யா சொன்னாங்க?”

“குதிரை நல்லா இருக்குன்னாங்க.”

ரைட்டர் சிரித்துவிட்டார். “நல்லா இருக்குன்னு சொன்னதுக்கு எந்த செக்‌ஷன்யா போடறது?”

“சொன்ன வார்த்தையை மட்டும் எழுதினாப் போறாது ஸார்” என்றார் வக்கீல். “யார் சொன்னா, எதுக்காக அங்கே வந்தான், மறுநாள் பாலத்துல என்ன நடந்ததுன்னு சேர்த்து எழுதுங்கோ.”

“பாலத்துல வண்டி நெரிசல் தினமும்தான் சார்” என்றார் ரைட்டர்.

கோர்ட்டில் மற்ற வக்கீல்களிடமும் அவர் சொல்லிப் பார்த்தார். நான் குதிரைக்குப் புல் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். “கொஞ்ச நாள் ஒதுங்கி இருங்க சார். இந்தக் கேஸ் இல்லாட்டி உங்களுக்குச் சோறு கிடைக்காதா?” என்றார் ஒருவர். மிரட்டியவனை ஒதுங்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. சொல்லத் தெரிந்தவர்களே இப்படிப் பேசினால் நான் எங்கே போய்ப் பேச?

வக்கீல் விடாமல் பெரிய அதிகாரிவரை எழுதிப் போட்டதில், அடுத்த விசாரணைக்கு ஒரு கான்ஸ்டபிளைத் துணைக்கு அனுப்பினார்கள். நல்ல மனுஷன். முன்பக்கம் என்னோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார். பாலம் காலியாக இருந்தது. புத்தூர் தாண்டி, கோர்ட்டுக்கு நேரத்தோடு போய்விட்டோம். வாசலில் வேப்பமரத்தடியில் குத்தகைக்காரர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். வண்டியில் சிவப்புத் தொப்பியைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். பிறகு ஒருவர்பின் ஒருவராகப் பின்வாங்கி, சந்துக்குள் மறைந்துவிட்டார்கள். நான் கைதட்டிக் கூப்பிட்டேன். ஒருவரும் திரும்பவில்லை.

அவர்கள் ஊரில் போலீஸ் வந்ததெல்லாம் மிராசுதாரின் ஆட்களோடுதான். வக்கீல் போலீசோடு வந்தால், ஒன்று அவரைப் பிடித்துவிட்டார்கள், இல்லை அவர் விலைபோய்விட்டார். அவர்களுக்குத் தெரிந்த கணக்கு அதுதான். இத்தனை பாடுபட்டு வாங்கிய பாதுகாப்பு, காப்பாற்ற வேண்டியவர்களையே விரட்டிவிட்டது. அன்று வக்கீல் கடைசி வாய்தா என்று ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினார். வீட்டு வாசலில் கான்ஸ்டபிளிடம், “நாளையிலேருந்து நீர் வரவேண்டாம் ஓய். ரொம்ப உபகாரம்” என்றார்.

நடந்ததை விளக்கிச் சொல்ல என்னைத்தான் தொட்டியம் பக்கம் அனுப்பினார். கடிதம் போட்டால் அதை அங்கே படித்துச் சொல்பவன் மிராசுதாரின் ஆள். கொல்லை வரப்பில் நின்று, தரையைப் பார்த்தபடி, எனக்கு வந்த அளவில் சொன்னேன். புருஷன் இறந்தபிறகு தானே பயிரிட்டுவந்த ஒரு பெண் மட்டும் கேட்டாள்.

“அப்ப அந்தப் போலீசு யாரைக் காக்க வந்தாரு?”

“வக்கீலைங்க.”

“வக்கீலுக்கே காவல் வேணும்னா, எங்களுக்கு யாருங்க காவல்?”

அந்தக் கேள்வியை அப்படியே கொண்டுவந்து வக்கீலிடம் சொன்னேன்.

கடைசி வாய்தாவுக்கு முன்னால் காரியஸ்தர் மறுபடி ஸ்டாண்டுக்கு வந்தார். இந்தமுறை எல்லாரிடமும் சொன்னார். வக்கீலை யாரும் ஏற்றக்கூடாதாம். எங்களில் மூத்தவரான பாய் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார்.

“நாங்க ஆளைப் பாத்து ஏத்தறதில்லீங்க. முறை வந்தவன், முன்னால வந்து நிக்கறவங்களை ஏத்தியே ஆகணும். மாட்டேன்னா ஸ்டாண்டை விட்டுப் போகணும். இங்க கட்டு அது.”

“எல்லாக் குதிரைக்கும் காலு நல்லாத்தான் இருக்குங்க” என்றான் பின்னாலிருந்து ஒருவன். “எதைன்னு பாப்பீங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். காரியஸ்தர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து வக்கீல் என்னை வீட்டுக்கு வரச்சொல்வதை நிறுத்தினார். தானே நடந்து ஸ்டாண்டுக்கு வந்து, முறை யாருடையதோ அந்த வண்டியில் ஏறினார். கடைசி வாய்தாவன்று முறை பாயுடையது. எனக்கு அடுத்த முறை. புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு தம்பதியை ஏற்றிக்கொண்டு பின்னால் போனேன். என் குதிரைக்கு நெற்றியில் வெள்ளை உண்டு. பாலத்தில் அதைப் பார்த்ததும் வாழைத்தார் வண்டிகள் எனக்கு முன்னால் அருகருகே வந்து நின்றன. பாய் அதற்குள் அக்கரை சேர்ந்து சிந்தாமணிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். தம்பதி என்னைத் திட்டிய திட்டு கொஞ்சமல்ல. உள்ளுக்குள் மட்டும் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் அந்தச் சந்தோஷம் சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை. வக்கீல் நேரத்துக்குப் போயிருந்தார். கட்சிக்காரர்களில் அந்தப் பெண் ஒருத்திதான் வந்திருந்தாள். அவளுடைய மனு நின்றது. கொல்லை அவள் கையில் தங்கியது. மற்றவர்களின் மனுக்கள், வாக்குமூலம் கொடுக்க ஆள் வராததால், ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாயின. “எல்லாரும் வந்திருந்தா எல்லாருக்கும் கிடைச்சிருக்குமேப்பா” என்று வக்கீல் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். மிரட்டல் பற்றிய புகாருக்கு, போதிய சாட்சியம் இல்லை என்று பதில் வந்தது. சாட்சி சொன்ன நான் ஸ்டாண்டிலேயேதான் இருந்தேன்; என்னை யாரும் வந்து கேட்கவில்லை.

சில நாள் கழித்து அந்தக் காரியஸ்தர் ஸ்டாண்டுக்கு வந்தார். ஜங்ஷனுக்குப் போகவேண்டுமாம். முறை என்னுடையது.

“என்னப்பா, குதிரை சௌக்கியமா?”

நான் பாயைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “முறை உன்னுதுதான்டா” என்றார். அந்தக் கட்டுப்பாட்டை வைத்துத்தான் வக்கீலைக் காப்பாற்றினோம். இன்று நானே அதை உடைத்தால் நாளைக்கு வேறொருவன் வக்கீலை இறக்கிவிடுவான். சேணத்தைச் சரிசெய்து ஏறி உட்கார்ந்தேன். அவர் வக்கீல் உட்காரும் இடத்தில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

பாலத்தில் எதிரும் புதிருமாக வாழைத்தார் வண்டிகள். என் வண்டிக்குள் இருந்தவரைப் பார்த்ததும் வண்டிக்காரர்கள் மாட்டை ஓரம் இழுத்துப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார்கள். அந்தப் பாலத்தை அவ்வளவு சீக்கிரமாக நான் வக்கீலோடு ஒருநாளும் தாண்டியதில்லை.