கழுத்தில் ஒரு கட்டிங் பிளேயர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கழுத்தில் கயிறு கட்டிய ஒரு கட்டிங் பிளேயர் தொங்க, மருங்காபுரிப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

என்னை நேரில் அறிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் நான் அடித்த ஒரே ஆணி, அன்று சாயங்காலமே காலண்டரோடு கீழே இறங்கி வந்துவிட்டது. அப்படிப்பட்டவனை நம்பிக் கட்டிங் பிளேயரை யார் கொடுத்தது? எதற்குக் கொடுத்தது?

கொடுத்தவர் பெயர் மலர்விழி. கைலாசபுரத்தில் இருக்கிறார். அங்குள்ள தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது பென்ஷன் ஆபீஸுக்குத்தான் தெரியும்... அந்த அம்மாளுக்குத் தெரியாது. சைக்கிள் பிரியர்களைச் சேர்த்துக்கொண்டு மவுண்டன் பைக் பந்தயம் நடத்துகிறார்.

மவுண்டன் பைக் என்றால் மோட்டார் கிடையாது. சைக்கிள்தான். தடித்த டயர், கல்லிலும் முள்ளிலும் ஓட்டுவதற்கென்றே செய்தது. அதன் விலையைக் கேட்டால் நாம் உட்கார்ந்துவிடுவோம். ஓட்டுகிறவர்கள் பாதி நேரம் சீட்டில் உட்காருவதே இல்லை.

எனக்கு அங்கே என்ன வேலை? என் மைத்துனன் பிரபு ஓட்டினான். நான் அவனுடைய 'வீட்டு ஆள்'.

இது மலர்விழியின் சட்டம். பந்தயத்தில் கலந்துகொள்கிற ஒவ்வொருவரும், தன்னோடு நன்றாகப் பழகிய ஒருவரை வீட்டிலிருந்து அழைத்து வர வேண்டும். மனைவி, அண்ணன், மாமனார்... யாராக இருந்தாலும் சரி. வீட்டு ஆள் இல்லையா? எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் வந்த வழியே திரும்பிப் போகலாம். பெங்களூரிலிருந்து சைக்கிளைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு தனியாக வந்த ஒருவர், நிஜமாகவே அப்படித் திரும்பிப் போனார். போகும்போது ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மலர்விழி அவருக்கும் ஒரு டம்ளர் மோர் கொடுத்துத்தான் அனுப்பினார்.

திருச்சி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு இரண்டே பருவங்கள்தான் – வெயில்காலம், பிறகு 'இதென்ன, போன மாசமே தேவலாம் போலிருக்கே' என்கிற காலம். மாசியில் நடக்க வேண்டிய பந்தயம், ஊர்த் திருவிழா, பரீட்சை என்று தள்ளிக்கொண்டே போய் சித்திரையில் வந்து நின்றுவிட்டது. மலர்விழியிடம் நேரடியாகவே கேட்டேன். "இந்த வெயில்ல இது தேவையாம்மா?"

"தேவையே இல்லைங்க சார்," என்றார். "ரத்து பண்ணத்தான் நினைச்சேன். ஆனா இவங்க சும்மா இருக்க மாட்டாங்க. நாலு பேர் நாலு பேரா தனியா கிளம்பி இதே கல்லுல ஓட்டுவாங்க. தண்ணி கொடுக்கக்கூட ஆள் இருக்காது. அதுக்கு என் கண்ணு முன்னாடி ஓட்டட்டும்."

இந்தப் பதிலுக்கு நான் தயாராக இல்லை. வீரம், சாதனை என்று ஏதாவது சொல்வார், கிண்டலாக நாலு வரி எழுதலாம் என்று போயிருந்தேன்.

சரி, பிரபுவுக்கு வருகிறேன். தில்லை நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். டாக்டர் ஒருமுறை சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று பயமுறுத்தியதிலிருந்து சைக்கிள் பைத்தியம். போன வருடம் நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் நான்காவது. மூன்று பேருக்குத்தான் கோப்பை. அந்த ஆற்றாமையில் ஒரு வருடமாகத் தூங்கவில்லை. இந்த வருடம் கோப்பை நிச்சயம் என்று, கூடத்து ஷோகேஸில் நடுத்தட்டை முன்கூட்டியே காலி செய்து வைத்துவிட்டான்.

அந்தத் தட்டில் அதுவரை என்ன இருந்தது தெரியுமா? நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த என் புத்தகங்கள்.

எங்கேடா என்று கேட்டதற்கு ஃபிரிட்ஜைக் காட்டினான். ஃபிரிட்ஜ் ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் என் கட்டுரைத் தொகுப்பு. "இப்பத்தான் மச்சான் உங்க எழுத்துல ஒரு வெயிட் வந்திருக்கு" என்றான்.

இருபது வருடமாக இப்படித்தான். என் மனைவியின் கூடப் பிறந்த தம்பி. என்னிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியது கிடையாது. காபி கொடுத்தால், "அக்கா போட்டதா, நீங்க போட்டதா? இல்ல, இன்ஷூரன்ஸ் கட்டிட்டு குடிக்கலாம்னு கேட்டேன்" என்பான். பந்தயத்துக்கு என்னை அழைத்தபோதும் காரணத்தை ஒளிக்கவில்லை. "அக்கா வந்தா அழும். என் பொண்டாட்டி வந்தா ஓட்டவே விடமாட்டா. நீங்கதான் மச்சான் எதையும் கவனிக்க மாட்டீங்க."

சூரியன் வருவதற்கு முன்பே பந்தயம் ஆரம்பமானது. அதற்கு முன் வீட்டு ஆட்களை எல்லாம் மரத்தடியில் உட்கார வைத்து மலர்விழி பேசினார். பேச்சு ரொம்பச் சின்னது. உங்களுக்கு வைத்தியம் தெரிய வேண்டாம், அதற்கு டாக்டர் இருக்கிறார். உங்கள் ஆள் எப்பவும் போல இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். இல்லை என்று பட்டால், ஹேண்டில்பாரில் கட்டியிருக்கிற நம்பர் அட்டையை வெட்டிவிடுங்கள். நம்பர் போனால் பந்தயம் முடிந்தது. அவர் கெஞ்சினாலும் சரி, நீங்களே மனசு மாறினாலும் சரி... திரும்பக் கட்ட முடியாது.

கட்டிங் பிளேயர் அதற்குத்தான். தாலி மாதிரி ஆளுக்கு ஒன்று கழுத்தில் மாட்டிவிட்டார்.

ஏற்பாடுகளைப் பார்த்து அசந்துபோனேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரே நீளப் பாதையாக இல்லாமல், சின்ன வட்டமாகப் போட்டிருந்தார். வறண்ட குளம், கரடு, முள்ளுக்காடு, மறுபடி நம் புளியமரம். எவனும் தண்ணீரை விட்டு ரொம்ப தூரம் போய்விட முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் மரத்தடியில் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். தலையில் ஒரு சொம்புத் தண்ணீர். குடிக்க உப்புப் போட்ட மோர். வீட்டு ஆளோடு ஒரு வார்த்தை. அப்புறம்தான் போகலாம். மரத்துக்குப் பின்னால் ஆம்புலன்ஸ். அதற்கு முன்னால், பக்கத்துத் தோட்டத்து விவசாயி கொடுத்த, நெல் காயப்போடுகிற பெரிய தார்ப்பாய். பெட்டி பெட்டியாக ஐஸ். மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் போடுகிறவரிடம் சொல்லி வாங்கியது. அந்த இடமே வஞ்சிரம் வாசனை.

தார்ப்பாய் எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மதியம் சாப்பாட்டுப் பந்திக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

என் பக்கத்தில் மெஹர் அக்கா. அவர் கணவர் பஷீரும் பிரபுவின் பிரிவில்தான் ஓட்டினார். ஒவ்வொரு சுற்றிலும் வந்து நின்று, மோரில் உப்பு ஜாஸ்தி, குடையை ஏன் அப்படிப் பிடித்திருக்கிறாய், வீட்டைப் பூட்டினாயா என்று மூச்சிரைக்க முறைத்துவிட்டுப் போவார். அக்கா குடையைத் திருத்திப் பிடித்துக்கொள்வார். ஒருமுறை அவர் போனதும் அக்கா என்னிடம் சொன்னார்: "எங்க ஆளு முறைக்கிற வரைக்கும் எனக்குக் கவலை இல்லைங்க சார்."

நம்ம ஆளும் அப்படித்தான் வந்தான். முதல் சுற்றில், "என்ன மச்சான், மரத்துக்கு நீங்க நிழல் கொடுக்குறீங்களா?" அடுத்த சுற்றில் கட்டிங் பிளேயரைப் பார்த்து, "வாயில வெச்சுடாதீங்க, பல்லு செட் கழண்டுக்கும்." (எனக்குப் பல் செட் கிடையாது. இரண்டு பல்தான் கட்டியிருக்கிறேன்.)

வெயில் ஏறியது. காற்று நின்றது. பாறையிலிருந்து கிளம்புகிற அனல் முகத்தில் அடித்தது. எதுவும் செய்யாமல் நிழலில் உட்கார்ந்திருந்த எனக்கே, நான் யார், எதற்கு எழுத வந்தேன் என்றெல்லாம் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

கடைசிச் சுற்றுக்கு முந்திய வருகை. பிரபு மூன்றாவது. அவனுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை யாரும் இல்லை. இன்னும் ஒரே ஒரு சுற்று. ஷோகேஸ் நிறைந்துவிடும். எனக்கே கை தட்ட வேண்டும் போலிருந்தது.

நின்றான். காலை ஊன்றினான். சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். மோரைக் கொடுத்தேன். குடித்தான். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான்.

"தேங்க்ஸ் மச்சான்" என்றான்.

இருபது வருடத்தில் கேட்காத வார்த்தை. களைப்பாக இருக்குமோ? ஜெயிக்கப் போகிற பெருந்தன்மையோ? நான் வெட்டிவிட்டு, பிறகு அவனுக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்? ஒரு வருட உழைப்பு. என் மனைவியின் குடும்பத்தில் ஒரு தலைமுறைக்கு என்னைப் பற்றிப் பேச விஷயம் கிடைத்துவிடுமே!

அவன் பெடலில் காலை வைத்துவிட்டான். மெஹர் அக்கா என்னைப் பார்த்தார். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"மாப்ள, என் புத்தகத்தை எங்க வெச்ச?"

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். பார்த்தான் என்றுதான் சொல்ல வேண்டும், கண் என் மேல்தான் இருந்தது.

"அது நல்ல புத்தகம் மச்சான்."

வெட்டிவிட்டேன்.

வெட்டிய அவசரத்தில் நம்பர் அட்டையோடு பிரேக் ஒயரையும் சேர்த்து வெட்டினேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் சண்டை போடவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. வெட்டுப்பட்ட அட்டையைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் முழங்கால் மடங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். யாரும் கத்தவில்லை. யாரும் ஓடி வந்து சுற்றி நின்று காற்றை மறைக்கவில்லை. செல்போனை நீட்டவில்லை. நாலு பேர் தார்ப்பாயின் நாலு மூலையைத் தூக்கித் தொட்டில் மாதிரி பிடிக்க, அதற்குள் பிரபு. மேலே தண்ணீர், ஐஸ், மறுபடி தண்ணீர். தார்ப்பாயை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். உடம்புச் சூடு பார்த்தார்கள். தெர்மாமீட்டரை எங்கே வைத்தார்கள் என்பதை, அவனுக்கும் ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது, எழுதப்போவதில்லை.

ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிறதே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக் கூடாதா என்று பதறினேன். டாக்டர் நிமிரவே இல்லை. "முதல்ல சூட்டை இறக்கணும். அப்புறம்தான் வண்டி. வழியில போற நேரத்துல மூளையும் கிட்னியும் வெந்துகிட்டே இருக்கும்." தார்ப்பாயின் ஒரு மூலை என் கைக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. பிடித்துக்கொண்டு நின்றேன். சட்டையெல்லாம் மீன் வாசனை. வாய் தன்னால் ரங்கா ரங்கா என்றது.

எவ்வளவு நேரமோ. தார்ப்பாய்க்குள்ளிருந்து குளிரில் பல் தந்தியடிக்கிற சத்தம் கேட்டது. பிரபு கண்ணைத் திருப்பி, மரத்தில் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்தான்.

"பிரேக் ஒயரை எவன் வெட்டுனது?"

கோயிலில்கூட நான் அப்படிக் கும்பிட்டதில்லை.

மலர்விழி அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் மைக்கை வாங்கி, மற்ற பிரிவுகளுக்கு இன்னும் சுற்றுகள் பாக்கி இருந்தும், இந்தச் சுற்றோடு பந்தயம் முடிந்தது, இப்போது மரத்தடிக்கு எப்படி வந்து சேருகிறார்களோ அதுதான் முடிவு என்று அறிவித்தார். கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. நின்று கேட்டுக்கொண்டார். தொழிற்சாலையில் கற்ற பாடம் என்று பிறகு என்னிடம் சொன்னார். காலையில் உள்ளே வந்தவர் அத்தனை பேரும் சாயங்காலம் வெளியே போனால்தான் அன்றைக்கு வேலை நடந்ததாகக் கணக்கு. மற்றதெல்லாம் உற்பத்தி.

மூன்றாம் பரிசு பஷீருக்கு. முறைத்துக்கொண்டே வாங்கினார். அடுத்த பந்தயம் மார்கழியில்தான் என்றும் அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

ஒன்று யோசித்துப் பார்த்தேன். சூட்டை அளக்கக் கருவி இருக்கிறது. ஒரு மனுஷன் தன் சுபாவத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்துவிட்டான் என்பதை அளக்க? அவனிடம் தினமும் திட்டு வாங்குகிறவரை விட்டால் வேறு வழியில்லை. இந்த எளிய விஷயத்தை ஒரு பெண்மணி பிடித்துக்கொண்டு, சட்டமாக்கி, கயிற்றில் கோத்து நம் கழுத்தில் மாட்டிவிடுகிறார். திரும்பி வரும் வழியில், உச்சி வெயிலில் ஒருவர் தனியாக ரோட்டில் தார் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு அங்கே வீட்டு ஆள் யார்? அன்றிலிருந்து வாசலுக்குப் பார்சல் கொண்டுவருகிறவர்களிடம், தண்ணீர் கொடுத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசி அனுப்புகிறேன். ஒருத்தர் நான் பேசுவதற்குப் பயந்து தண்ணீரே வேண்டாம் என்றுவிட்டார்.

பிரபுவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, ரத்தப் பரிசோதனையெல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். புதன்கிழமை நானும் மனைவியும் தில்லை நகர் போனோம். ஷோகேஸில் நடுத்தட்டு காலியாகவே இருந்தது. ஃபிரிட்ஜ் ஆடாமல் நின்றது.

சாப்பிட்டு முடித்ததும் என் மனைவி தம்பியைப் பிடித்துக்கொண்டாள். உயிரைக் காப்பாற்றியவருக்கு வாயைத் திறந்து ஒரு நன்றி சொன்னால் என்னவாம்?

"நான் மாட்டேன்க்கா," என்றான் பிரபு. "போன தடவை சொன்னதுக்கே மீன் ஐஸ்ல போட்டுட்டாரு."

பூரண குணம். இனி டாக்டர் தேவையில்லை.