புட்டிக்குள் மஞ்சிட்டி

வலது கையில் கத்தி, இடது கையில் இடுக்கி. கத்திமுனை தீயில் பழுத்து, ஆறி, கண்ணாடிப் புட்டிக்குள் இறங்குகிறது. சத்துக் கூழின் மேல் பாசிபோல் திரண்டிருக்கும் செடியணுக் கட்டியை நாலாகப் பகுத்து, துண்டுகளைப் புதிய புட்டிகளில் அமர்த்துகின்றன கைகள். ஒரு துண்டும் விளிம்பில் படுவதில்லை.

கைகள் தாணம்மாளுடையவை. பூதப்பாண்டியில் நெல் விளைவிக்கும் வீட்டில் பிறந்தவர். புட்டிகளில் வாழைக்கன்று வளர்க்கும் ராஜகுமாரின் ஆய்வுக்கூடத்துக்குப் புட்டி கழுவ வந்து, பார்த்துப் பார்த்தே இந்த வேலையைக் கற்றுக்கொண்டார்.

அங்கே ஓர் இருட்டறை மட்டும் மஞ்சிட்டிக்கு. மலைக்கொடி அது. அதன் சிவந்த வேர் மருந்தெண்ணெயில் சேரும். ஆனால் வேருக்காகக் கொடியையே பிடுங்க வேண்டும். கொடி இல்லாமலே, அதன் உயிரணுக்களைப் புட்டியில் வளர்த்துச் சிவப்பை எடுக்கலாம் என்று ராஜகுமார் தொடங்கிய வேலை.

அந்த அறையின்மேல் தாணம்மாளுக்கு ஒரு மயக்கம் உண்டு. கதவைச் சாத்தினால் வெளியுலகம் போய்விடும். ஓயாமல் ஆடும் இயந்திரத் தட்டில் குடுவைகள் சீராகச் சுழலும். உள்ளே இலையில்லாமல், வேரில்லாமல், வெயில் இன்னதென்று அறியாமல் உயிர்த்துகள்கள் சுற்றிச் சுற்றி வளரும். அவை தூக்கத்தில் எந்த மலையைக் காண்கின்றனவோ என்று யோசித்தபடி நின்றுகொண்டிருப்பார்.

ஆனால் மாதாமாதம் நிறம் வெளிறி வந்தது. ஆவணியில் கட்டிகள் தேங்காய்த் துருவல்போல் ஆகிவிட்டன.

"எக்கா, தக்கலையில எண்ணெய் காய்ச்சுத ஷைஜா மாசியில வருத மண்டைக்காட்டம்மன் கொடைக்கு முன்னால பொடி கேட்டிருக்கா," என்றார் ராஜகுமார். "அதுக்குள்ள செவக்கலேன்னா இந்த அறைய வாழைக்கு விட்டுருவோம். எனக்கும் வேற வழி தெரியல."

அவர் போனபின் தாணம்மாள் உள்ளே போய் மங்கல் விளக்கில் ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். எல்லாம் வெள்ளை. கீழ்த்தட்டின் மூலையில், குப்பைக்குப் போகத் தவறிய ஒரு புட்டி. அதில் மிளகளவு ஒரு கட்டி, சுருங்கி, வெற்றிலை மென்ற உதட்டு நிறத்தில்.

அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு மாதமும் புதிய புட்டிகளுக்குத் தாய்க்கட்டியாகத் தன் கை எதை எடுத்தது? கொழுத்ததை. விதைநெல்லுக்குத் திரட்சியான கதிரை ஒதுக்கிப் பழகிய கை அது. பெருப்பதில் மும்முரமான அணுக்கள் சிவக்க மறந்திருந்தன. மெதுவாக வளர்ந்து சிவந்தவற்றைச் சவலை என்று அவரே தள்ளியிருந்தார்.

"சவலையத் தூக்கிட்டு எங்க போறீய?" என்றாள் கூட வேலை பார்க்கும், கடலோர முட்டத்து ஜாஸ்பின்.

"இனி இதுதான் தாய்."

"கொழுகொழுன்னு அத்தன கெடக்க, இந்தச் சுக்குத் துண்டா?"

"ஏட்டி, சுக்குலதான் காரம்."

மழைக்காலம் முழுக்கச் சின்னதையே, சிவந்ததையே எடுத்தார். எடுக்கும்போதெல்லாம் கை கொழுத்ததன் பக்கம் போய்த் திரும்பியது. தை பிறந்தபோது குடுவைகள் நிறையுமளவு சேர்ந்தது. நிறமோ இளஞ்சிவப்பைத் தாண்டவில்லை.

இனி இறால் ஓட்டிலிருந்து எடுத்த பொடியைக் கரைத்துக் குடுவைகளில் விட வேண்டும். பூஞ்சையின் மேல்தோலில் உள்ளதும் அந்த வகைப் பொருளே என்பதால், பூஞ்சை வந்துவிட்டதென்று அணுக்கள் மிரண்டு, தற்காப்புக்குச் சிவப்பைச் சுரக்கும். அளவு கூடினால் கறுத்துச் சாகும்.

"எங்க ஊரு இறால் இல்லாம ஒங்க கொடி செவக்காது, கேட்டியளா," என்றாள் ஜாஸ்பின்.

"பயங்காட்டத்தானே ஒங்க ஊர்க்காரங்கள விளிச்சது."

சிரிப்பு அடங்கும்வரை தாணம்மாள் கரைசலைத் தொடவில்லை. பிறகு சொட்டு சொட்டாக விட்டார்.

அன்று வீடு திரும்பும் பேருந்தில் கண் அசந்தபோது, ஜன்னலுக்கு வெளியே கால்வாய் மெல்லச் சிவந்து வயல்களுக்குள் ஏறியது. விழித்தபோது தண்ணீர் தண்ணீராகவே ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் குடுவைகளும் அப்படியே இருந்தன. அதற்கடுத்த நாள் ஒன்றின் அடியில் நூலிழையாகச் சிவப்பு. பிறகு எல்லாவற்றிலும், குங்குமம் கரைவதுபோல.

வடிகட்டி, உலர்த்தி, பொடித்தபோது ஒரு சிறு புட்டி நிறைந்தது. கொடைக்கு முந்திய வாரம் ஷைஜா வந்தாள். கொண்டுவந்த எண்ணெயில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, ஒரு சிட்டிகைப் பொடியைக் குழைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ராஜகுமார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொள்ளாமே, நல்ல செவப்பு. இது எந்த மலையில உள்ளது?"

"மலையையே பாக்காதது, மக்கா," என்றார் தாணம்மாள்.

"அப்போ அந்த அறை அப்படியே இருக்கட்டும் எக்கா," என்றார் ராஜகுமார். "வாழைக்கு வேற எடம் பாப்போம்."

தாணம்மாள் மூடியை இறுக்கி, புட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். ஷைஜா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.