சவிரி அண்ணையின் சுறா எண்ணெய்

சவிரி அண்ணை போய்விட்டார்.

காலையில் அவருடைய ஊரான தாழ்வுபாட்டிலிருந்து போன் வந்தது… கையிலிருந்த தேத்தண்ணி அப்படியே ஆறிப்போனது.

ஊருக்கு அவர் மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டி மீன் கொண்டுவருகிறவர். எங்கள் வீட்டுக்கு அதைவிட எவ்வளவோ மேல்.

சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்து தகரக் கொட்டில் போட்டிருந்த நேரம். கரண்ட் இல்லை, வயல் முழுக்கப் பற்றைக்காடு. அப்போது பார்த்துத்தான் என் மகனுக்குச் சீனி வருத்தம் என்றார்கள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிள்ளைக்கு ஆயுள் முழுக்க இன்சுலின் ஊசி…

முகாமில் சோறும் பருப்பும்தான். மீனைக் கண்ணாலும் கண்டதில்லை. அதனால்தான் வந்ததோ, நான்தான் பிள்ளையைக் கவனிக்கவில்லையோ என்று அழுதுகொண்டே இருப்பேன்.

அண்ணை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த முறை ஒரு போத்தலோடு வந்தார். சுறா ஈரல் எண்ணெய்!

"தங்கச்சி, விற்றமின் டி குறைஞ்சாலும் இந்த வருத்தம் வருமாம். றேடியோவில சொன்னவங்கள். இதில அது நிறையக் கிடக்கு, குடுங்கோ."

ஐயோ, அந்த நாற்றம்! மூடியைத் திறந்ததும் அயலில் இருந்த பூனையெல்லாம் வாசலில்.

போத்தலையும் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் சிரிக்கவில்லை.

"விற்றமின் டி, சிங்க் மாதிரிச் சத்துகள் குறையிறதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கோ எண்டு ஆராயினம் அம்மா. இன்னும் முடிவு வரேல்ல. உடம்பு தானே தன்ர இன்சுலின் சுரக்கிற இடத்தை அழிக்கிற வருத்தம் இது. உங்கட சாப்பாட்டாலதான் வந்தது எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. எண்ணெய் இதை மாத்தாது. ஊசியை மட்டும் விட்டிடாதேங்கோ."

அண்ணையிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "அப்ப நான் என்னதான் செய்யிறது?" என்று கேட்டுவிட்டுத் தன் மீன் பெட்டியைப் பார்த்தார். அன்றிலிருந்து இன்சுலினைக் குளிராக வைக்க அவருடைய ஐஸ்தான்.

முதல் நாளே கூத்து. அறக்குளா மீனை வைக்கிற மாதிரி மருந்துக் குப்பியை ஐஸுக்குள் புதைத்துவிட்டார்! மருந்து உறைந்து பழுதாகிப்போனது.

ஏசினேன்… நல்லாவே ஏசினேன். வேறு மருந்து எடுக்க என்னை ஏற்றிக்கொண்டு பறந்ததும் அவர்தான், பெட்டியில் விற்காத மீனோடு. கிளினிக் முழுக்க மீன் மணம்.

பிறகு கரண்ட் வந்தது, பிரிட்ஜும் வந்தது. ஐஸ் தேவைப்படவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கிளினிக் நாளும் வாசலில் வந்து நின்று அதே கேள்வி.

"டொக்டர்மார் முடிவு சொல்லிட்டினமோ?"

"இன்னும் இல்லை அண்ணை."

"சொல்லுவினம். உங்களில பிழையில்லை எண்டுதான் சொல்லுவினம். இருந்து பாருங்கோ தங்கச்சி."

மகன் இப்போது என்னைவிட உயரம். ஊசியைத் தானே போடுகிறான். அண்ணையின் செய்தியைச் சொன்னதும், அவர் வந்து நிற்கிற வாசலில் போய் நின்றான்…

முடிவு இன்னும் வரவில்லை அண்ணை. வந்தால், சேமக்காலையில் உங்கள் கல்லறைக்கு வந்து முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன்.