அவளுக்கு இரண்டு ஹாரன்

நேற்று செவ்வாப்பேட்டை ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு லாரி சட்டென்று பிரேக் போட்டது. டயர் கருகிய வாசனை வந்ததும் எனக்கு ஒரு டிரெய்லர்காரர்மேல் பொறாமை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் நானும் என் மனைவி மேரியும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு ஆளுக்கொரு சைக்கிளில் வேலைக்குப் போவோம். அவள் முன்னால், நான் பின்னால். பேட்டைக்குள் போக வலப்பக்கம் திரும்ப வேண்டும். தினமும் அந்நேரத்துக்கு இரும்புக்கம்பி ஏற்றிய டிரெய்லர் ஒன்று பின்னால் வரும். மேரி கழுத்தைத் திருப்பி டிரைவரின் முகத்தைப் பார்ப்பாள், வலக்கையை நீட்டுவாள். அவர் வேகத்தைக் குறைத்து, சின்னதாக இரண்டு ஹாரன் அடிப்பார். இவள் சிரித்துவிட்டுத் திரும்புவாள். அப்படியொரு சிரிப்பைக் காலையில் வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

"யாரு அவரு?"

"யாருக்குத் தெரியும்? வண்டிக்காரரு."

"பேரு கூடவா தெரியாது?"

"பேரு இன்னாத்துக்கு? நமக்காக நிக்கிறாரான்னு தெரிஞ்சா போதாதா?"

மறுநாள் நான் முன்னால் போனேன். அவர் முகத்தைப் பார்ப்பதில்லை என்ற வீம்பு. கையும் காட்டாமல் திரும்பினேன். பிரேக் அலறியது. கைக்கெட்டும் தூரத்தில் டிரெய்லரின் முகப்பு நின்றிருந்தது.

அவர் எட்டிப் பார்த்தார். நரைத்த மீசை. "நைனா, நீ திரும்பப் போறது உனக்குத் தெரியும். எனக்கு யாரு சொல்றது?" பிறகு மேரியிடம், "உன் ஊட்டுக்காரராம்மா? நீயே முன்னால போ" என்றார்.

முட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அதன்பிறகு நானும் திரும்பிப் பார்த்தேன், கை நீட்டினேன். எனக்கு ஒரு ஹாரன்தான் வந்தது. அவளுக்கு எப்போதும்போல் இரண்டு. இதை மேரியிடம் சொல்லியே விட்டேன்.

"நீ எங்க பாக்குற, முறைக்கிற. பயந்துகினு ஒண்ணோட நிறுத்திக்கிறாரு."

ஒருநாள் டிரெய்லர் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வண்டி ஓட்டப் போய்விட்டதாக டீக்கடையில் சொன்னார்கள். ஜெயித்துவிட்டதுபோல் இருந்தது, திருப்பம் வரும்வரை. மேரி திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்த புது லாரி நிற்குமா, நிற்காதா, தெரியவில்லை. இருவரும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சாலையைக் கடந்தோம்.

இப்போது வருவதெல்லாம் ஏசி கேபின், கறுப்புக் கண்ணாடி. கையை நீட்டினால் அதில் நம் முகம்தான் தெரிகிறது.