காப்பிக் களத்தில் என் டென்ட்

போன வாரம் ஏற்காட்டுப் பக்கம் கொட்டச்சேட்டில் நான் ஒரு சத்தம் போட்டேன் பாருங்கள்… சில்வர் ஓக் மரத்தில் இருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டது.

காரணம்? என் டென்ட்!

டென்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் அப்படித்தான். சோப்புத்தூள் ஆகாது, பிரஷ் ஆகாது, வாஷிங் மெஷின் பக்கமே போகக் கூடாது. பச்சைத் தண்ணீர், ஸ்பாஞ்ச், அவ்வளவுதான். ஜிப்புக்கு மெழுகுவத்தி தேய்ப்பேன். ஈரத்தோடு மடித்தால் உள்ளே பூசியிருக்கும் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் பிசுபிசுத்து உரிந்துவிடும் என்பதால், பொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்துத்தான் பைக்குள் போடுவேன். "என்னை இப்படி ஒருநாள் கவனித்திருக்கிறாயா?" என்பார் என் வீட்டுக்காரர். அவர் உரிய மாட்டாரே!

கொட்டச்சேட்டில் ஸ்டெல்லா அக்காவுக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம். அவர் வீட்டை ஒட்டிய மேட்டில்தான் வருடா வருடம் டென்ட் போடுவோம். "ஊட்டுல ரூம்பு சும்மா கெடக்குது. எதுக்குங்க துணிக்குள்ள படுக்கறீங்க?" என்று அவரும் வருடா வருடம் கேட்பார்.

அன்று காலையில் டென்ட்டின் மேல் ஷீட் பனியில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அக்கா வீட்டு முன்னால் சிமென்ட் களம். அதில் தோல் நீக்கிக் கழுவிய காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. இந்த வருட விளைச்சலில் பாதி அங்கேதான் கிடந்தது. களத்தின் ஓரமாக ஷீட்டை விரித்தேன்.

"அக்கா, யாரும் மிதிக்காமப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரரோடு ஏற்காடு பஜாருக்கு டிபன் சாப்பிடப் போனேன்.

தோசை வரும்போது மழையும் வந்தது. தை மாதத்தில் மழையா? வெளுத்து வாங்கிவிட்டு, அரை மணியில் சுள்ளென்று வெயிலும் வந்தது. பஸ் பிடித்துத் திரும்பியபோது மதியம் ஆகிவிட்டது.

களத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

காப்பிக் குவியல்மேல் என் ஷீட்! நான்கு மூலையிலும் கல். நடுவில் நிதானமாக நடைபழகும் ஒரு கோழி. ஓடிப்போய் உருவினேன். அடிப்பக்கம் முழுக்கத் திட்டுத்திட்டாகப் பழுப்புக் கறை. அப்போது போட்டதுதான் அந்தச் சத்தம்.

"கோச்சுக்காதீங்க. திடீர்னு மழை புடிச்சுக்கிச்சுங்க. எங்க தார்ப்பாய்ல நொம்பக் கிழிசல். கைக்குக் கெடைச்சத இழுத்து மூடிட்டேன். மறுபடி வந்துருமோன்னுதான் எடுக்காம உட்டேன்" என்றார் அக்கா.

நான் விட்டேனா? கோட்டிங் என்றால் என்ன, அதன்மேல் கல் வைத்தால் என்ன ஆகும் என்று கால் மணி நேரம் வகுப்பு எடுத்தேன். "சரிங்க… சரிங்க…" என்று கேட்டுக்கொண்டே, ஈரம் பார்க்க ஒரு கை காப்பிக்கொட்டையை அள்ளினார். மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க… இதென்னமோ பீரோ வாசம் அடிக்குதுங்க?"

கையை என் மூக்கருகே நீட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்துருண்டை!

நான் போட்டதுதான். பட்டுப்புடவைக்குப் போடுகிறோமே, டென்ட்டுக்கும் போட்டால் பூச்சி அண்டாதே என்று, மழைக்காலம் முழுக்க டென்ட் பையில் ஒரு கைப்பிடி போட்டு வைத்திருந்தேன். டென்ட் பராமரிப்புக்கு நான் பார்க்கும் எந்த வீடியோவும் இதைச் சொல்லவில்லை. என் சொந்த மூளை. அந்த வாசம் என் மூக்குக்குப் பழகிப்போயிருந்தது.

"காப்பி, பக்கத்துல இருக்கற வாசத்தையெல்லாம் இழுத்துக்குமுங்க. மூட்டைகிட்ட டீசல் கேன்கூட வெக்க மாட்டோம். ஊட்டுல கருவாடு வறுத்தா கதவச் சாத்திட்டுத்தான் வறுப்போம்" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கோழியைப் பார்த்தேன்.

நம் பொருளுக்கு அடுத்தவரால் எதுவும் வந்துவிடக் கூடாது என்று எத்தனை கவனமாக இருக்கிறோம்! நம் பொருளால் அடுத்தவருக்கு என்ன வரும் என்று ஒருநாளாவது யோசித்திருக்கிறோமா? நான் யோசித்ததில்லை. வெட்கமாக இருக்கிறது.

"ரெண்டு வெயில் பாக்கலாமுங்க, போனாலும் போயிரும்" என்று காப்பியைக் கிளறிவிட்டார் அக்கா. அன்று சாயங்காலமே நாங்கள் சேலத்துக்கு இறங்கிவிட்டோம்.

நேற்று போன் செய்தேன். "காப்பி என்னாச்சுக்கா?"

"காப்பி வாங்கற ஏவாரி வந்தாருங்க. மோந்து பாத்துட்டு, களத்துல கெடந்ததெல்லாம் வேண்டாம்னுட்டாரு. முன்னாடியே மூட்ட கட்டுனத மட்டும் எடுத்துக்கிட்டாரு."

 நஷ்டத்துக்கான பணத்தை நான் தந்துவிடுகிறேன் என்று ஆரம்பித்தேன்.

"நீங்களா வந்து மூடுனீங்க? நாந்தானுங்க கேக்காம எடுத்தேன்" என்று அதோடு நிறுத்திவிட்டார். பிறகு, ஏதோ பெரிய தப்பு செய்தவர் மாதிரி தணிந்த குரலில் கேட்டார்: "ஏனுங்க… உங்க டென்ட்டுல அந்தக் கறை போயிருச்சுங்களா?"

பச்சைத் தண்ணீரில் ஒரே துடைப்பில் போய்விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.