உப்பு படியாத பதினோரு பாத்தி

தட்சணாமூர்த்திக்கு எங்கள் கெமிக்கல் கம்பெனியில் வேலை கிடைத்ததே உப்பளத்தால்தான். மரக்காணத்து அளத்தில் பதினைந்து வருஷம் உப்பு வாரியவர். இன்ஜினியர் கூலிங் டவரைக் காட்டி விளக்க ஆரம்பித்ததும், "புரியுதுங்க சார். தண்ணி ஆவியாப் பூடும், உப்பு தங்கிடும். எங்க பாத்தி மாதிரிதான். அங்க படியணும், இங்க படியக்கூடாது. அவ்ளோதான?" என்று முடித்துவிட்டார். நான் பக்கத்திலேயே பாய்லர் பார்க்கிறவன். பன்னிரண்டு வருஷமாக அந்த டவரை அண்ணாந்து பார்த்தும் எனக்கு இது தோன்றவில்லையே என்று இன்றைக்கும் எரிச்சல்தான்.

டவரில் சுற்றிச் சுற்றி உப்பேறிய தண்ணீரை அவ்வப்போது வெளியேற்றியாக வேண்டும். எங்கள் பக்கம் நிலத்தடி நீர் வற்றிக் கிடக்கிற இடம். அதனால் அந்தக் கழிவில் ஒரு சொட்டுகூட காம்பவுண்டைத் தாண்டக்கூடாது, உள்ளே இருக்கிற குளத்திலேயே காய வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உத்தரவு. போன வருஷம் உற்பத்தியை இரண்டு மடங்காக்கினார்கள், குளத்தைப் பெரிதாக்கவில்லை. சித்திரை வெயிலிலும் அது காயாமல் ததும்பி நின்றது. "எப்படியாவது சமாளி" என்றார் மேனேஜர் விஜயகுமார். அவருக்குப் பிடித்த வார்த்தை அது. சமாளிக்கிறவன் மட்டும் எப்போதும் வேறு ஆள்.

தட்சணாமூர்த்தியின் மனைவி தனக்கோடிக்கு இன்னும் அளத்தில்தான் வேலை. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் பதினோரு பாத்தி, அவளோடு ஒன்பது பெண்கள். அளத்து போர்வெல்லில் உப்புத் தண்ணீர் இறங்கிவிட்டது, பாத்தி நிரம்பவில்லை, வேலை நின்றுவிடும் என்று தினமும் புலம்பினாள். இவர் குளத்துத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று பார்க்க அளத்துக்காரர்கள் வைத்திருக்கிற டிகிரி மீட்டரை மிதக்கவிட்டும் பார்த்தார். நல்ல கரிப்பு. உப்புத் தண்ணீர் உப்பளத்துக்குப் போனால் யாருக்கு என்ன கெடுதல் என்று நினைத்து மேனேஜரிடம் போய்க் கேட்டார்.

"குளத்து வால்வத் தொறந்து பாத்திக்கு வுடு. ரெஜிஸ்டர்ல மட்டும் எழுதாத" என்றார் மேனேஜர். என் காதுபடத்தான் சொன்னார்.

தண்ணீர் பாய்ந்த பத்து நாளில் பாத்தியெல்லாம் கஞ்சியாகக் கிடந்தது. உப்பு பூக்கவே இல்லை. நுரையும் ஒரு மருந்து நாற்றமும்தான். தட்சணாமூர்த்தி என்னிடம் ஓடிவந்து மூலையில் இருந்த நீல கேனைக் காட்டினார். தினமும் காலையில் டவரில் அவரே ஊற்றுகிற மருந்து. உப்பைப் படியவிடாத மருந்து.

"என் கையாலதாம்பா ஊத்தறேன். நாக்குல வச்சு உப்ப மட்டும்தான பாத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அளத்துப் பெண்கள் வாரியத்துக்கு எழுதிப் போட்டார்கள். அதிகாரி வினோதினி வந்து ரெஜிஸ்டரைப் புரட்டினார். நாள் தவறாமல் 'வெளியேற்றம் இல்லை', கீழே தட்சணாமூர்த்தியின் கையெழுத்து. உண்மையைச் சொன்னால் இத்தனை நாளும் பொய் எழுதியவர் ஆவார், வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்களின் சீசன் கேட்பாரில்லாமல் போகும். மனுஷர் ரெஜிஸ்டரில் இருந்த தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலியோரம் நின்ற தனக்கோடிதான் பேசினாள். "என் வூட்டுக்காரருதாம்மா தொறந்தாரு. எங்க வேலை நின்னுடக்கூடாதுன்னு தொறந்தாரு. மேனேஜர் சொல்லித்தான் செஞ்சாரு. அதையும் எழுதிக்கங்க."

விஜயகுமார் சிரித்தார். "நான் சொன்னேனா? எப்பம்மா சொன்னேன்?"

"அவரு சொன்னதுக்கு யாராச்சும் சாட்சி இருக்காங்களா?" என்று கேட்டார் வினோதினி.

தட்சணாமூர்த்தி என்னைக் காட்டவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. என் மகள் காலேஜில் படிக்கிறாள், இந்தச் சம்பளத்தை விட்டால் எனக்கு வேறு வழியில்லை என்பது அவருக்குத் தெரியும். தனக்கோடி மட்டும் என்னையே பார்த்தாள். அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பாய்லர் பிரஷர் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.